பெயர் குறிப்பிட விரும்பாத மைத்துனர்

பேனாவை மூடிட்டேன் சார். கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை சொல்லுங்க, யாரு பேர்ல எழுதச் சொன்னீங்க? மச்சினன் பேர்ல. உங்க சம்பாத்தியம், நீங்க அலைஞ்சு திரிஞ்சு பாத்த அஞ்சு சென்ட் மனை. பத்திரம் மட்டும் சம்சாரத்தோட தம்பி பேர்ல. ஏன்னா நீங்க ஓசூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கீங்க, நெனச்சா வர முடியாது. அவரு உள்ளூர்க்காரரு, நல்ல மனுஷன். எல்லா மச்சினனும் நல்ல மனுஷன்தான் சார், கையெழுத்துப் போடுற வரைக்கும்.

உக்காருங்க. பதிவு நாளைக்குத்தானே, இன்னைக்கு எழுத்து வேலை மட்டும்தான். நேரம் நெறையக் கெடக்கு. டீ சொல்றேன். சீனி போட்டா, போடாமயா?

இந்த வேப்பமரத்தடியில மேசை போட்டு முப்பத்தொரு வருஷம் ஆச்சு. பத்திர எழுத்தர் வெயிலுமுத்துன்னா அருப்புக்கோட்டையில தெரியாத ஆள் இல்ல. எத்தனை பத்திரம் எழுதியிருப்பேன்னு நெனைக்கிறீங்க? பதினோராயிரம் இருக்கும். அத்தனை பேருக்கும் ஒரே புத்திதான் சொல்வேன். உன் சொத்து உன் பேர்ல இருக்கணும். அடுத்தவன் பேர்ல எழுதாத, அவன் உன் கூடப்பொறந்தவனா இருந்தாலும் எழுதாத. அப்படிச் சொன்ன வாயி இது. அந்த வாயி எப்படி மண்ணைக் கவ்வுச்சுன்னு கேளுங்க.

முதல்ல ஒரு காரியம். எதிர்த்தாப்புல நீலப் பலகை தெரியுதா? தங்கம் ஜெராக்ஸ்? பாக்காதீங்க! பாக்காத மாதிரி பாருங்க. உள்ள ஒருத்தன் கண்ணாடிய நெத்தியில ஏத்திவிட்டுக்கிட்டு நிக்கிறானா? அவன்தான். தங்கமாரியப்பன். என் சம்சாரம் சண்முகத்தாயோட தம்பி. எனக்கும் அவனுக்கும் ரெண்டேகால் வருஷமா பேச்சு வார்த்தை கெடையாது. நடுவுல இருக்கிறது முப்பது அடி ரோடு. நான் அந்தப் பக்கம் திரும்புறதே இல்ல. வியாழக்கிழமையில இருந்து கடை பூட்டிக் கெடந்துச்சு, திருச்செந்தூர் போயிட்டு நேத்து ராத்திரி வந்தானாம், இன்னைக்கு ஒம்போதுக்குத் தொறந்தான். எனக்கென்ன, எங்க வேணாப் போகட்டும்.

விஷயத்துக்கு வர்றேன். பதினோராயிரம் பத்திரம் எழுதினேன்னு சொன்னேன்ல. அதுல ஒண்ணாவது யாராவது படிச்சிருப்பாங்களா? ஒருத்தனும் படிச்சதில்ல சார். “கையெழுத்து எங்க போடணும்?” அதான் கேப்பாங்க. கடைசிப் பக்கத்துல கீழ் மூலையில பொடி எழுத்துல ‘தயாரித்தவர்’னு என் பேரு இருக்கும். அதை எறும்புகூடப் படிக்காது. எனக்கு ஆசையா இருந்துச்சு, நான் எழுதினதை ஒரு ஆளாவது கடைசி வரி வரைக்கும் படிக்கணும்னு. பேராசையா சார் இது?

அப்போ இன்டர்நெட்ல ஓசியா எழுதுறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு. அதுல எழுதினேன். நம்ம ஊரு கண்மாய், தாலுகா ஆபீஸ் மரம், எல்லைக்கல்லுச் சண்டை, இப்படி நாப்பது கட்டுரை. ஒரு நாள் கடுதாசி வந்துச்சு, இந்தச் சேவையை மூடப் போறோம், உங்க சாமானை எடுத்துக்கிடுங்கன்னு. இங்கிலீஷ்ல இருந்ததால ஏதோ வாழ்த்துன்னு விட்டுட்டேன். ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா நாப்பதும் காலி. பதினோரு வாடகை வீடு மாறினவன் நான். காலி பண்ணச் சொல்ற வீட்டுக்காரனை எத்தனையோ பாத்திருக்கேன், உள்ள ஆள் இருக்கும்போதே வீட்டை இடிக்கிறவனை அப்பத்தான் பாத்தேன்.

அன்னைக்கே முடிவு பண்ணினேன், இனிமே எழுதினா சொந்த இடத்துலதான்.

அப்போ நானும் தங்கமாரியும் ஒண்ணு மண்ணா இருந்தோம். “அத்தான், வலைப்பூன்னு சொல்றாங்கல்ல, சொந்தமாவே அப்படி ஒரு பிளாக் போட்டுருவோம், ஒரு மணி நேர வேலை”ன்னான். ஒரு மணி நேரமாம்! அவனை நான் நாலு நாள் உக்கார வச்சேன்.

அவன் சொல்றான், மூணு சங்கதி வேணுமாம். ஒண்ணு டொமைன், அதாவது முகவரி. ரெண்டாவது ஹோஸ்டிங், அதாவது எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல நமக்குன்னு ஒரு இடம். மூணாவது அந்த இடத்துல நிறுத்துற மென்பொருள். நான் சொன்னேன், “இதை ஏம்ப்பா சுத்தி வளைக்கிற? முதலாவது கதவு நம்பர், ரெண்டாவது மனை, மூணாவது கட்டடம்.” “ஆமா அத்தான்”னான். “சரி, மனைக்கு நாலெல்லை சொல்லு. வடக்கே யாரு?” முழிச்சான். “கிழக்கே யாரு? நடைபாதை உண்டா? தண்ணி போற வழி?” “அத்தான், அது சிங்கப்பூர்ல இருக்கு”ங்கிறான். கண்ணால பாக்காத மனையை நான் வாங்குறதா? “சரி, இந்தப் பேரை இதுக்கு முன்னால யாராவது வச்சிருந்தாங்களா? முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாரு”ன்னேன். “இன்டர்நெட்டு வந்தே அம்புட்டு வருஷம் ஆகல அத்தான்”னு தலையில கை வச்சிக்கிட்டான். வெயிலுமுத்துங்கிற பேர்ல உலகத்துல வேற எவனும் இடம் வாங்கல சார். அதுல எனக்கு ஒரு பெருமை.

அப்புறம் ஒரு இடத்துல பட்டனை அமுக்கச் சொன்னான். மணியைப் பாத்தேன், ராகு காலம். ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். கடையில ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்க வரிசையில நிக்கிறாங்க, அவன் பல்லைக் கடிக்கிறான். நல்ல நேரம் வந்ததும் அமுக்கினேன். நிமிஷத்துல கட்டடம் எந்திரிச்சு நின்னுச்சு சார்! சண்முகத்தாய் கடையிலேயே ஸ்டவ்வைப் பத்த வச்சுப் பால் காய்ச்சினா. புதுமனை புகுவிழா இல்லையா. பால் பொங்கி அவன் பிரின்டர் மேல வடிஞ்சுது. அதைக்கூட அவன் சிரிச்சுக்கிட்டேதான் துடைச்சான்.

உள்ள போய்ப் பாக்குறேன், எனக்கு முன்னாலயே ஒருத்தன் எழுதி வச்சிருக்கான்! ‘உலகத்திற்கு வணக்கம்’னு ஒரு பதிவு. நான் எழுதல. “ஆக்கிரமிப்புடா தங்கமாரி, போலீசுல சொல்லு”ன்னு கத்திட்டேன். அவன் சிரிக்கிறான், அது மென்பொருள் தானா வைக்கிற மாதிரிப் பதிவாம். அதுக்குக் கீழ ஒருத்தர் கருத்தும் சொல்லியிருந்தாரு, இது ஒரு கருத்து, இதை நீங்க திருத்தலாம்னு. எவ்வளவு பணிவான மனுஷன் பாருங்க. அவருக்கு நான் ஒன்றரைப் பக்கம் பதில் எழுதினேன். அது ஆளே இல்லையாம். எனக்கு அடுத்த வாரம்தான் தெரியும். நீங்களும் சிரிக்கிறீங்க. சிரிங்க.

இதுக்கு நடுவுலதான் அந்த இடம் வந்துச்சு சார். பேரு கேட்டுச்சு, ஈமெயில் கேட்டுச்சு, கார்டு கேட்டுச்சு. எங்கிட்டக் கார்டும் கெடையாது, ஈமெயில் பாஸ்வேர்டு மறந்தும் போச்சு. “இப்போதைக்கு என் பேர்லயே போட்டுர்றேன் அத்தான், பின்னால மாத்திக்கிடலாம்”னான். நான் என்ன சொல்லியிருக்கணும்? பதினோராயிரம் பேருக்குச் சொன்ன வாயி என்ன சொல்லியிருக்கணும்? “சரிப்பா”ன்னுச்சு. “வருஷா வருஷம் புதுப்பிக்கணும் அத்தான்”னு ஏதோ சொன்னான். “எழுதின பத்திரத்தை எந்த மடையன் வருஷா வருஷம் எழுதுவான்”னு கேட்டேன். ரசீதை அச்சடிச்சுக் கையில குடுத்தான். பீரோவுல வச்சேன். படிக்கல.

பத்து மாசம் நல்லாப் போச்சு. வெள்ளிக்கிழமை தவறாம காலையில ஒம்போதேகாலுக்கு ஒரு பதிவு. அப்புறம் அவன் மகளுக்குக் காதுகுத்து வந்துச்சு. பந்தியில உக்காந்திருக்கோம். எனக்கு எதிர்வரிசையில ஒரு பெரியவரு, “என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல எழுதுறீங்களாமே, நெறையப் பேரு படிக்கிறாங்களோ?”ன்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள பாயச வாளியோட வந்த இவன் சொல்றான், “தெனமும் ஒரு ஆள் வர்றாரு மாமா. அதும் அத்தானேதான். எழுதினது இருக்கான்னு பாத்துட்டுப் போவாரு.”

பந்தியே சிரிச்சுச்சு. எண்பது இலை. சண்முகத்தாயும் சிரிச்சா, நான் பாத்தேன்.

நான் இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டேன். பாயசம் இலையில விழல. அவன் சொன்னது பொய்யா இருந்தா எனக்குக் கோவமே வந்திருக்காது சார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சேன் வரிசையை. தலைப்பு ‘பெயர் குறிப்பிட விரும்பாத மைத்துனர்’. பகுதி ஒன்று, பாயசம். பகுதி ரெண்டு, அவரு மூக்கு. பகுதி மூணு, அவரு எட்டாவதுல ரெண்டு தடவை உக்காந்தது. பேரு எழுதல, நாகரிகம் வேணும்ல. எனக்கு இருக்கிறது ஒரே மச்சினன்தான், அது என் குத்தமா? நூத்திப் பன்னெண்டு பகுதி போயிருக்கு. பழசையும் சேத்தா மொத்தம் நூத்தி ஐம்பத்தாறு பதிவு. எல்லாம் நேரா அதுலயே தட்டினது. எந்தப் பத்திரத்துக்கும் மூணு நகல் எடுக்கிறவன், என் எழுத்துக்கு ஒரு நகல் எடுக்கல.

ஆனா சார், அந்த வரிசைக்குத்தான் எனக்கு வாசகர் கெடைச்சாரு. நெசமான வாசகர்! பேரே ‘ஒரு வாசகர்’னுதான் போடுவாரு. வாரம் தவறாம முதல் ஆளா வந்து கருத்து எழுதுவாரு. பகுதி ஒண்ணுக்கு என்ன எழுதினாரு தெரியுமா? எனக்கு மனப்பாடம். “அன்று பந்தியில் பரிமாறியது பால் பாயசம் அன்று, பருப்புப் பாயசம். தாங்கள் இடையில் எழுந்துவிட்டபடியால் கவனித்திருக்க வாய்ப்பில்லை.” என்ன நுட்பம் பாருங்க! இன்னொரு தடவை, “மைத்துனரின் மூக்கு சென்ற பகுதியைவிட இதில் நீண்டிருக்கிறதே?” அப்படி ஒவ்வொரு வரியும் படிக்கிற ஆளு.

போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு வாரம் எழுதல. மூணாவது வாரம் எழுதினேன், ஆபரேஷனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. இவரு எழுதுறாரு, “சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடவும்.” எழுத்தை வச்சே எழுதுறவன் கண்ணைச் சொல்லிட்டாரு சார்! கண்ணீர் வந்துருச்சு எனக்கு. சண்முகத்தாய்கிட்டக் காட்டினேன். “உங்களுக்கு ஏத்த வாசகருதான்”னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவளுக்கு இலக்கியம் தெரியாது.

கனடாவுல இருக்கிற யாரோ தமிழ்ப் பேராசிரியருன்னு நான் கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். எப்படின்னா, அவரு கருத்துக்குப் பக்கத்துல நேரம் காட்டும். எப்பவும் காலை மூணு ஐம்பது, மூணு ஐம்பத்தஞ்சு. அருப்புக்கோட்டையில அந்நேரத்துக்கு எவன் சார் முழிச்சிருக்கான்? அதோட, நான் ஒம்போதேகாலுக்குப் போடுற பதிவுக்கு அவரு மூணு ஐம்பதுக்கே கருத்துச் சொல்லியிருப்பாரு. வேற நாட்டுல நேரம் முன்னபின்ன இருக்கும்ல, அப்படித்தான் ஒத்துவருது.

இப்போ வினைக்கு வர்றேன். போன வெள்ளிக்கிழமை நூத்திப் பதிமூணாவது பகுதி போட உக்காந்தேன். தளமே இல்ல. இந்த முகவரி காலாவதி ஆயிருச்சுன்னு ஒரு வெள்ளைப் பக்கம். பீரோவுல இருந்த ரசீதை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு அம்மா கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்காங்க, அங்க ஓடினேன். அந்தம்மா ரசீதைப் படிச்சுட்டு, “இதுல உரிமையாளர் தங்கமாரியப்பன்னு இருக்கே ஐயா, நீங்க யாரு?”ன்னு கேட்டாங்க.

நீங்க யாரு. என் எழுத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு எங்கிட்டக் கேக்குறாங்க, நீங்க யாரு. வெக்கமா இருந்துச்சு சார். அடுத்தவன் எழுதின பத்திரத்தை எல்லாம் அடிவரைக்கும் படிச்சுத் தப்புச் சொல்றவன், என் ரசீதை மூணு வருஷமாப் படிக்கல.

அவங்க தட்டிப் பாத்துட்டுச் சொன்னாங்க, “ஒரு வருஷத்துக்குத்தான் வாங்கியிருக்காரு. போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் அவரே புதுப்பிச்சிருக்காரு. இந்தத் தடவை செய்யல. கொஞ்ச நாள் விட்டு வைப்பாங்க, அதுக்குள்ள அவருதான் செய்யணும், அவரு போனுக்குத்தான் ஓடிபி வரும். இல்லேன்னா பேரு பொதுவுக்குப் போயிரும்”னாங்க. ரெண்டு தடவை புதுப்பிச்சது ஏதோ மெஷின் தானாப் பண்ணியிருக்கும். அவனாவது, எனக்குச் செய்யுறதாவது. அதுவும் அந்தப் பகுதிகளைப் படிச்சிருந்தான்னா! நல்லவேளை, அவன் எங்க படிக்கப் போறான்.

ஆக, இதுதான் நிலைமை. நூத்தி ஐம்பத்தாறு பதிவு அந்த ரோட்டுக்கு அந்தாண்ட அவன் சட்டைப் பையில கெடக்கு. நான் போய் நின்னு, தங்கமாரி ஓடிபி குடுன்னு கேக்கணும். நூத்திப் பன்னெண்டு வாரம் திட்டிட்டு! அது என்னால ஆகாது. சண்முகத்தாயை அனுப்பலாம்னா, “நீங்களே போங்க”ன்னுட்டா. மூணு நாளாச் சோறு எறங்கல சார். எழுத்து போனாக்கூடத் திருப்பி எழுதிப்புடலாம். அந்த வாசகரு வெள்ளிக்கிழமை வந்து வெள்ளைப் பக்கத்தைப் பாத்திருப்பாருல்ல? என்ன நெனச்சிருப்பாரு? அவருக்கு நான் எப்படித் தகவல் சொல்றது?

அதான் உங்ககிட்டச் சொல்றேன், மச்சினன் பேர்ல எழுதாதீங்க.

அப்புறம் இன்னொண்ணு. உங்க ஆதாருக்கு ஜெராக்ஸ் வேணும்ல? எதிர்த்த கடையில எடுக்கலாம். அப்படியே பேச்சுவாக்குல, நீங்களா கேக்குற மாதிரி, அந்த டொமைன்... உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் பாஷை தெரியுமே... என்ன சார் போனை எடுக்குறீங்க? முகவரியா? வெயிலுமுத்து, அப்புறம் புள்ளி, இன். தட்டிப் பாருங்க, வெள்ளைப் பக்கம்தான் வரும்.

வருதா?

குடுங்க இங்க. ஆமா சார். கண்மாய்ப் படம், என் பேரு, எல்லாம் அப்படியே இருக்கு! கீழ தள்ளுங்க, எனக்கு இந்தத் தொடுதிரை கை வராது. நூத்திப் பன்னெண்டாவது பகுதி இருக்குதா? அப்பாடா. கீழ வாசகர் கருத்து ரெண்டு இருக்கா? ஒண்ணு பழசு. இன்னொண்ணு இன்னைக்குத் தேதியா? என்ன நேரம் போட்டிருக்கு? காலை மூணு நாப்பது. பாத்தீங்களா, கனடா.

என்ன சொல்றீங்க? கடிகாரமா? புரியும்படியாச் சொல்லுங்க. பிளாக்குக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கும், புதுசா போடுறவங்க அதை நம்ம நேரத்துக்கு மாத்தாம விட்டுருவாங்களா? லண்டன் நேரத்துலயே ஓடுதா? அப்போ நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும். மூணு நாப்பதும் அஞ்சரையும்... ஒம்போது பத்து. அப்போ மூணு ஐம்பதுன்னா ஒம்போது இருபது. நான் பதிவு போட்டு அஞ்சாவது நிமிஷம்.

ஒம்போது மணிக்கு அருப்புக்கோட்டையில...

இருங்க.

பருப்புப் பாயசம். சொட்டு மருந்து. அவ அடுப்படிக்குப் போயிட்டாளே, சிரிக்கத்தான் போயிருக்கா.

அந்தக் கருத்துல என்ன எழுதியிருக்கு? நீங்களே படிங்க சார், எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, ஆபரேஷன் பண்ணின கண்ணு. மெதுவாப் படிங்க.

“வெளியூர் சென்றிருந்ததால் தளத்தைக் கவனிக்க இயலவில்லை. இன்று சரிசெய்யப்பட்டது. வெள்ளிக்கிழமை பகுதி 113 வரவில்லையே. உடம்புக்கு ஒன்றும் இல்லையே, அத்தான்?”

கடைசி வார்த்தையை இன்னொரு தடவை படிங்க.

அவன் இந்தப் பக்கம் பாக்குறானா சார்? பாக்காத மாதிரி பாத்துச் சொல்லுங்க. பாக்குறானா? கண்ணாடிய மூக்குக்கு எறக்கிட்டானா? அந்த மூக்கு அம்புட்டு நீளம் எல்லாம் இல்ல சார், நான் எழுத்துக்காகக் கொஞ்சம் இழுத்துட்டேன்.

உங்க ஆதாரைக் குடுங்க. வேணாம், நீங்க உக்காந்து டீயைக் குடிங்க, நான் போறேன். ஒரு காப்பி போதும்னு சொல்லாதீங்க சார். இருபது காப்பி எடுக்கணும். அந்த மெஷின் ரொம்ப மெதுவா ஓடும், எனக்குத் தெரியும். இருபதும் முடியிறதுக்குள்ள ஒரு வார்த்தையாவது வந்துராதா?